தொற்று வந்தபோது ஊருக்கு யார் சொன்னது?

ஹிஜாஸுக்கும் ஷாம் நாட்டிற்கும் இடைப்பட்ட பெருவழியில் ஸர்கு என்றோர் ஊர் இருந்தது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் செல்லும் வழியில் அவ்வூரை அடைந்தார்கள். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்களும் பிறரும் அங்கு வந்து எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தியைத் தெரிவித்தனர். போவதா, திரும்புவதா? கலீஃபா அவர்கள் முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து ஒன்றுபடவில்லை. அன்சாரிகளைக் கேட்டார்கள், அவர்களும் இரு கூறாயினர். பின்னர் குறைஷி முதியோர்களைக் கேட்டார்கள். திரும்புவதே தக்கது என்று அவர்கள் ஒரு குரலில் உரைத்தனர். அலுவல் ஒன்றின் பொருட்டு வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அதன் பின்னரே வந்து சேர்ந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், இருக்கும் ஊரில் பரவினால் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்னும் கருத்துடைய அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரையைத் தாம் கேட்டிருப்பதாக அவர்கள் கூறினார்கள். கலீஃபா அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியை நம் ஆலிம் பெருமக்கள் கத்ரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவது வழக்கம். அதில் வேறொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. நோய் பற்றிய தகவல் கலீஃபா அவர்களை எல்லையிலேயே எட்டியது. கொண்டு வந்தவர்கள் அதை மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. கேட்டவர்கள் மூன்று குழுவினரிடம் கலந்து, நான்காமவரின் சான்றைக் கொண்டு தெளிந்தார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் என வரலாறு குறிக்கும் அந்நோயில் அபூ உபைதா (ரலி) அவர்களும், அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் (ரலி) அவர்களும் மறைந்தனர். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களைக் கூட்டி, இந்நோய் நெருப்பைப் போல் மூளுவது, எனவே மலைகளுக்குப் பிரிந்து செல்லுங்கள் என்ற கருத்தில் சொற்பொழிவாற்றினார்கள். கூட்டத்திலிருந்தே ஒருவர் எழுந்து வன்மையாக மறுத்தார். ஆயினும் மக்கள் பிரிந்து சென்றனர், நோய் தணிந்தது. செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியபோது அவர்கள் அதை வெறுக்கவில்லை என்றும் அறிவிப்பு உண்டு.

ஊராருக்கு உரிய நேரத்தில் உண்மையைச் சொல்வது என்பது கொள்ளைநோய்க் காலத்தில் மருந்துக்கு முந்திய மருந்து. மருந்தே இல்லாத காலத்தில் அதுவே ஒரே மருந்து. 2020ஆம் ஆண்டின் முதல் நான்கு திங்கள்கள் அப்படிப்பட்ட காலமாக அமைந்தன. அந்நாட்களில் எந்த ஊர் மக்களுக்கு யார் எதை எவ்வாறு சொன்னார்கள் என்பதை இப்போது திரும்பிப் பார்ப்பதில் பயனுண்டு. நம் சமுதாயத்திற்கு அதில் ஒரு தனிக் கணக்கே இருக்கிறது.

சீனத்து வூஹான் நகரிலிருந்து தொடங்குவோம். 2019 டிசம்பர் 31 அன்று அந்நகரச் சுகாதார ஆணையம், காரணம் தெரியாத நுரையீரல் காய்ச்சலால் 27 பேர் பாதிக்கப்பட்டிருப்பதாக அறிவித்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதற்குத் தெளிவான சான்று இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அதற்கு முதல்நாள்தான் லீ வென்லியாங் என்னும் கண் மருத்துவர் உடன் பயின்ற மருத்துவர்களுக்குக் கைபேசி வழியாக எச்சரிக்கைச் செய்தி ஒன்றை அனுப்பியிருந்தார். 2020 ஜனவரி 3 அன்று காவல்துறை அவரை அழைத்து, பொய்ச்செய்தி பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் வாங்கிற்று. ஜனவரி 18 அன்று, புத்தாண்டை முன்னிட்டு, அந்நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கலந்துகொண்ட பெருவிருந்து நடைபெற்றது. தடுப்பார் இல்லை, சொல்வாரும் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 20 அன்றுதான், முதுபெரும் மருத்துவர் சோங் நன்ஷான் தொலைக்காட்சியில் தோன்றி, இந்நோய் மனிதரிடையே தொற்றுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 23ஆம் நாள் நகரம் மூடப்பட்டது. பிப்ரவரி 7 அன்று லீ வென்லியாங் அதே நோயால் இறந்தார். அவருக்கு அளிக்கப்பட்ட கண்டனத்தை அரசு மார்ச்சில் திரும்பப் பெற்றது. அந்த விருந்தில் கூடிய மக்களை நான் பின்னர் மீண்டும் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 30 அன்று. வூஹானிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்குத் திரும்பிய மாணவர் அவர். கேரளத்திற்குப் பழக்கம் இருந்தது. 2018ஆம் ஆண்டு கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் வந்து 17 உயிர்களைக் கொண்டு சென்றபோது, நோயாளி எங்கெங்கு சென்றார், யார் யாரைத் தொட்டார் என்று பின்தொடர்ந்து தேடும் கலையை அவர்கள் கற்றிருந்தனர். அந்தக் கல்வி 2020 மார்ச்சில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் பயன்பட்டது. இத்தாலியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினருக்கும் அவர்களுடைய உறவினருக்குமாக ஐவருக்கு நோய் இருப்பது மார்ச் 8 அன்று வெளியாயிற்று. அவர்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வழியில் எத்தனை கடை, எத்தனை வீடு, எத்தனை பேருந்து!

அம்மாவட்ட ஆட்சியராக அப்போது இருந்தவர் பி. பி. நூஹ். அவரும் அலுவலர்களும் அக்குடும்பத்தினர் எந்நாளில், எந்நேரத்தில், எந்த இடத்தில் இருந்தனர் என்பதைத் திரட்டி ஒரு வழிப்படமாக வரைந்து பொதுமக்களுக்கு வெளியிட்டனர். படத்தில் பெயர் இல்லை, முகம் இல்லை, இன்ன சாதி, இன்ன மதம் என்பதும் இல்லை. இடமும் நேரமும் மட்டுமே இருந்தன. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தவர் எவராயினும் இந்த எண்ணை அழையுங்கள் என்ற வேண்டுகோள் உடன் இருந்தது. அதிகாரிகள் தேடியும் கிடைக்காதிருந்த பலர் தாமே அழைத்தனர். என் கருத்தில், அந்த நான்கு திங்கள்களில் இந்நாட்டில் வெளியிடப்பட்ட அறிவிப்புகளுள் மிகச் சிறந்தது அந்த வழிப்படமே. தெரிந்துகொள்ள வேண்டியது அனைத்தும் அதில் இருந்தது. தெரிய வேண்டாதது எதுவும் இல்லை. முதலமைச்சர் மாலைதோறும் செய்தியாளர் முன் அமர்ந்து எண்ணிக்கைகளைச் சொன்னதும், வெளிமாநிலத் தொழிலாளர்க்கு வங்காளியிலும் ஒரியாவிலும் இந்தியிலும் செய்திகளை ஆக்கித் தந்ததும் அதே மரபைச் சேர்ந்தவை.

அரபு நாட்டிலிருந்து மற்றோர் அறிவிப்பு வந்தது. அது கேட்டவர் உள்ளத்தை உலுக்கியது. 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. குவைத்தில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. மோதினார் பாங்கு சொல்லும்போது, தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்ற சொற்களைச் சொன்னார். அங்கே பணிபுரியும் நம் பிள்ளைகள் அதைக் கைபேசியில் பதிவு செய்து ஊருக்கு அனுப்ப, இங்கே தாய்மார்கள் கேட்டுக் கண் கலங்கினர். பலர் அதைப் புதுமை என்று எண்ணினர். அது புதுமை அன்று. மழை கொட்டும் நாளில் அவ்வாறே சொல்லுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மோதினாருக்குக் கட்டளையிட்டதும், தம்மினும் சிறந்தவர் இதைச் செய்தார் என்று காரணம் காட்டியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளவை. பாங்கே ஊருக்கு விடுக்கும் ஓர் அறிவிப்புதானே! அதன் வாசகத்திலேயே ஆபத்தை அறிவிக்கும் வாய்ப்பை மார்க்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே வைத்திருந்தது.

இனி நம் தமிழகம். 2020 மார்ச் 7 அன்று இங்கு முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பியவர். ஏறத்தாழ அதே நாட்களில் எவருக்குத் தொலைபேசியில் அழைத்தாலும் முதலில் ஓர் இருமல் ஒலி கேட்டது. பின்னர் கை கழுவுங்கள் என்ற அறிவுரை. தொடக்கத்தில் அது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருந்தது. கடையநல்லூரிலோ காயல்பட்டினத்திலோ இருக்கும் ஒரு பாட்டியம்மாவுக்கு அந்த இருமல் மட்டும் புரிந்திருக்கும்! தமிழில் சொல்லத் தொடங்கியது சில நாள் கழித்தே.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்தக் குறையை நிரப்பியது. நகரா அடித்து நேரம் அறிவித்த காலம் தொட்டு, மவுத்துச் செய்தியாயினும் காணாமற்போன குழந்தையாயினும் ஊருக்குச் சொல்லும் இடம் அதுவே. ஜமாஅத்துல் உலமா சபை வீட்டிலேயே தொழுமாறு கேட்டுக்கொண்டதும், மஹல்லாக்களில் ஜும்ஆ நிறுத்தப்பட்டதும், அதற்குப் பகரமாக ளுஹர் தொழுதுகொள்ள வேண்டும் என்ற விளக்கமும் ஒலிபெருக்கி வழியாகவே வீடுகளை எட்டின. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையாணை. நள்ளிரவில் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. நாட்டு மக்கள் அனைவரையும் வீட்டில் இருத்தும் அந்த ஆணைக்கு நான்கு மணி நேர முன்னறிவிப்பே கிடைத்தது.

மார்ச் 31 மாலை நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் மார்ச் 13 முதல் 15 வரை தப்லீக் ஜமாஅத்தின் கூட்டம் நடைபெற்றது. அந்த 13ஆம் நாளில்தான் மத்திய சுகாதார அமைச்சக அதிகாரி ஒருவர், இது சுகாதார நெருக்கடிநிலை அன்று, அஞ்ச வேண்டியதில்லை என்று செய்தியாளரிடம் கூறியிருந்தார். அதே நாளில் தில்லி அரசு 200 பேருக்கு மேற்பட்ட கூட்டங்களைத் தடை செய்தது. 16ஆம் நாள் அதை 50 ஆகக் குறைத்தது. ஒருவர் அஞ்சாதே என்கிறார். மற்றவர் கூடாதே என்கிறார். இதில் அமைப்பாளர் பக்கத்தில் தவறே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11 அன்றே இதனை உலகக் கொள்ளைநோய் என்று அறிவித்துவிட்டது. சவூதி அரசு பிப்ரவரி 27 அன்றே வெளிநாட்டினர் உம்ராவுக்கு வருவதை நிறுத்திவிட்டது. கஅபாவைச் சுற்றும் தவாஃபுக்கே தடை வந்த பின், தாமாகவே கலைந்திருக்கலாம். ஆனால் வூஹானில் விருந்துண்ட குடும்பங்களை எவரும் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

மார்ச் 31 அன்று தமிழக சுகாதாரத்துறைச் செயலாளர் செய்தியாளர்களைச் சந்தித்தார். அன்று ஒரே நாளில் 57 பேருக்குப் புதிதாக நோய்; அவர்களுள் 50 பேர் தில்லி சென்று வந்தோர். தில்லியிலிருந்து தமிழகம் திரும்பியோர் 1,131 பேர், அவர்களுள் 515 பேர் கண்டறியப்பட்டுள்ளனர், ஏனையோர் தாமே முன்வர வேண்டும் என்று வேண்டுகோள் விடுக்கப்பட்டது. மறுநாள் 110 பேர். அனைவரும் தில்லி சென்றவர்களே. மொத்த எண்ணிக்கை 234 ஆயிற்று.

வேண்டுகோளுக்குக் கிடைத்த மறுமொழி என்ன? மஹல்லாப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகத் தகவல் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சோதனைக்கும் தனிமைக்கும் உட்பட்டனர். பலர் தாமே மருத்துவமனைக்கு நடந்து சென்றனர். அவ்வாறு முன்வந்தோர்க்கு மறுநாளே அதே செயலாளர் நன்றியும் கூறினார். அந்த நன்றி எத்தனை பேர் காதில் விழுந்தது? முந்திய நாள் எண்ணிக்கை விழுந்த காதுகளில் பாதியிலும் விழவில்லை.

இங்கே ஒரு கணக்கு நுட்பம் இருக்கிறது. பொதுமக்களுக்கு அதை எவரும் விளக்கவில்லை. எவரைத் தேடிச் சோதிக்கிறோமோ, அவரிடத்தில்தான் நோய் கண்டறியப்படும். அவ்வாரத்தில் தமிழகத்தில் முனைந்து சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பயணத்தில் கலந்துகொண்டோரும் அவர்களுடைய குடும்பத்தினருமே. ஆகவே கண்டறியப்பட்டோரில் பெரும்பாலோர் அவர்களாகவே இருந்ததில் வியப்பில்லை. மொத்தம் எத்தனை பேரைச் சோதித்தோம், எந்தப் பிரிவினரை எத்தனை பேர் சோதித்தோம் என்ற எண்ணிக்கை பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தால், படிப்பவர் உண்மையை உணர்ந்திருப்பர். அது இல்லாத எண், உண்மையான எண்ணாகவே இருந்தும், பொய்ப்பொருளைத் தந்தது. அறிக்கையில் தில்லி மாநாடு என்றிருந்த சொல் சில நாட்களில் "ஒரே மூலம்" என மாற்றப்பட்டது. நல்லெண்ணத்தோடுதான் மாற்றினர். ஆனால் அந்த மூலம் எது என்பது அதற்குள் நாடறிந்த செய்தி. மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சி முன் அமர்ந்த ஒவ்வொரு முஸ்லிம் குடும்பமும் அன்றைய எண்ணுக்குப் பின் வரும் அந்த இரண்டு சொற்களுக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தது. பால்காரர் வருவாரா, மளிகைக்கடைக்காரர் பொருள் தருவாரா என்பதெல்லாம் அந்தச் சொற்களைப் பொறுத்தே இருந்தன.

பத்தனம்திட்டையின் வழிப்படத்தை இதனோடு ஒப்பிடுக. இடமும் நேரமும் சொன்னால் மக்கள் தம்மைத் தேடிக்கொள்கிறார்கள். கூட்டத்தாரைச் சொன்னால் மக்கள் அடுத்த வீட்டைத் தேடுகிறார்கள்.

வேறு இடங்களில் இதைவிடக் கடுமையாக நடந்தது. கர்நாடகத்தில் தனிமைப்படுத்தப்பட்டோரின் வீட்டு முகவரிகளை அரசே வெளியிட்டது. பல நகரங்களில், சென்னையிலும், வாயிற்கதவில் தாள் ஒட்டினர்; உள்ளே வராதே என்னும் எச்சரிக்கை அது. அண்டை வீட்டார்க்குத் தகவல் தருவதே நோக்கமாயினும், அத்தாள் ஒட்டிய வீட்டாரைத் தீண்டத்தகாதவர் போல் நடத்தினர். 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், உரிய சட்டப்படி தனி ஆணை இருந்தாலன்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. ஏப்ரல் 8 அன்றே மத்திய சுகாதார அமைச்சகம், எந்தச் சமூகத்தையும் பகுதியையும் நோய்க்குக் காரணமாக முத்திரை குத்தலாகாது, நோயுற்றோர் பெயரைப் பரப்பலாகாது என்று அறிவுரை வழங்கியிருந்தது. தமிழக முதலமைச்சரும் ஏப்ரல் தொடக்கத்தில் நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நல்ல சொற்களே. ஒரு கிழமை முந்தி வந்திருக்க வேண்டியவை.

நம்மவர் பக்கத்தையும் மறைக்கலாகாது. ஒளூச் செய்பவரை நோய் தீண்டாது என்றும், சோதனைக்கு அழைப்பது சூழ்ச்சி என்றும் நம் கைபேசிகளிலேயே குரற்செய்திகள் உலவின. ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை; அதை ஓதுகிறவர்களே அச்செய்திகளைப் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 1 அன்று இந்தூர் நகரில், இத்தகைய வதந்திகள் பரவியிருந்த ஒரு முஸ்லிம் பகுதியில், சோதிக்க வந்த பெண் மருத்துவர்கள் மீது கல்லெறிந்தனர். சில நாட்களில் அந்நகர முஸ்லிம்கள் நாளிதழில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கோரினர்.

இவையெல்லாம் இந்நாட்டிற்குப் புதியன அல்ல. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் வந்தபோது, வெள்ளையர் அரசு வீடு வீடாகப் படையினரை அனுப்பியது. நோயாளியை இழுத்துச் சென்றது. ஏன், எங்கே என்று சொல்லவில்லை. 1897இல் அதற்கெனவே ஒரு சட்டமும் இயற்றியது. மருத்துவமனைக்குப் போனவர் உடலிலிருந்து தைலம் எடுக்கிறார்கள் என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது. ஆலைத் தொழிலாளர் மருத்துவமனை ஒன்றைத் தாக்கினர். 1898 மார்ச் 9 அன்று, முஸ்லிம் நெசவாளர் தெருவில் நோயுற்ற ஓர் இளம்பெண்ணை எடுத்துச் செல்ல வந்தபோது பெருங்கலகம் மூண்டது. அந்நாட்களில் ஹாஃப்கின் என்னும் அறிஞர் தடுப்பூசியைக் கண்டுபிடித்தார், மக்கள் அஞ்சினர். இருபது வயது இளைஞராயிருந்த மூன்றாம் ஆகாகான் அவர்கள் பலரறியத் தம் கையில் அதைக் குத்திக்கொண்டார். அவரைப் பின்பற்றுவோரும் முன்வந்தனர். அரசின் ஆயிரம் துண்டறிக்கைகள் செய்யாததைத் தமக்கு அறிமுகமான ஒருவரின் கை செய்தது. 1897ஆம் ஆண்டின் அச்சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் மாநிலங்கள் மீண்டும் கையில் எடுத்தன.

வதந்தியின் கொடுமையைச் சென்னையே ஏப்ரல் 19 அன்று கண்டது. நோயுற்று இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கூட்டம் கல்லாலும் தடியாலும் தாக்கியது. புதைத்தால் மண்ணிலிருந்து நோய் பரவும் என்று எவரோ சொன்னது காரணம். பரவாது என்பதை அதற்கு முன்னரே தெருத்தெருவாகச் சொல்லியிருக்க வேண்டும். 26ஆம் நாள் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, அடக்கத்தைத் தடுப்போர்க்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றது. பின்வந்த திங்கள்களில், உறவினரும் நெருங்க அஞ்சிய உடல்களை, எந்த மதத்தவராயினும், கவச உடை அணிந்து அடக்கியவர்களுள் நம் இளைஞர்கள் பலர் இருந்தனர். அந்த ஏப்ரலில் எவர் பெயரால் அஞ்சினார்களோ, அவர்கள் பிள்ளைகளே அவர்கள்.

நோன்பு ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. நோன்புக்கஞ்சிக்கு அரசு அளிக்கும் அரிசி 5,450 டன், 2,895 பள்ளிவாசல்களுக்கு. கஞ்சி காய்ச்சினால் கூட்டம் சேரும். எனவே அரிசியை வீடு வீடாகக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. எந்த வீட்டில் யார் தனிமையில் இருக்கிறார், எவருக்கு அடுப்பெரியவில்லை என்ற பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது ஜமாஅத் நிர்வாகிகளின் நினைவில் இருந்தது. அரிசி மூட்டையோடு செய்தியும் வாசலுக்குப் போயிற்று: தராவீஹ் வீட்டிலேயே, முதியோர் வெளியே வர வேண்டாம், காய்ச்சல் கண்டால் 104க்கு அழையுங்கள் என்று. பாட்டியம்மாவுக்கு இந்த முறை எல்லாச் சொற்களும் புரிந்தன.

வழக்குகள் நெடுநாள் நடந்தன. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெளிநாட்டுத் தப்லீகினர் 31 பேர் மீதான நடவடிக்கையை முடித்துவைத்தது. ஆகஸ்டு 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டினர் 29 பேர் உள்ளிட்டோர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகிறது என்று குறிப்பிட்டது. தில்லியில், வெளிநாட்டுத் தப்லீகினர்க்குத் தங்க இடம் கொடுத்ததற்காக 70 இந்தியர் மீது தொடரப்பட்ட 16 வழக்குகள் எஞ்சியிருந்தன. அவர்கள் நோயைப் பரப்பியதற்கு ஆதாரம் இல்லை என்று கூறித் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது 2025 ஜூலை 17 அன்று. அந்த மார்ச் 31 மாலையிலிருந்து எண்ணினால், ஐந்து ஆண்டுகளும் மூன்றரைத் திங்களும் ஆகியிருந்தன.